அப்ரூவ் ஆன சாம்பிள்

அனுசுயா முப்பத்தொன்றாவது டீ-ஷர்ட்டையும் ரிஜெக்ட் மூட்டையில் போட்டபோது சூப்பர்வைசர் பிரபாகருக்குப் பொறுமை போய்விட்டது. எல்லாம் ஒரே முகம் போட்ட பீஸ்கள். எல்லாவற்றிலும் கன்னத்து மச்சத்தைப் பார்த்து ஓர் அம்புக்குறி ஸ்டிக்கர்.

"என்னங்க்கா இது? இந்தம்மா மேல உங்களுக்கு ஏதாச்சும் கோவமுங்களா?"

"பிரிண்ட் தப்பு, சார்."

பஞ்சுத் தூசிக்காகப் போட்ட மாஸ்க்குக்குள்ளிருந்து வந்த குரல் கரகரவென்று இருந்தது. பனியன் கம்பெனியில் பத்து வருஷம் குப்பை கொட்டினால் யாருக்கும் தொண்டை அப்படித்தான் ஆகும். மற்ற பெண்கள் டீ குடிக்கவாவது மாஸ்க்கை இறக்கிவிட்டு அரட்டை அடிப்பார்கள். அனுசுயா மட்டும் டம்ளரோடு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள்.

ஆர்டர் ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் நூற்றாண்டு விழாவுக்கு. அங்கே படித்து, பிறகு கலையுலகில் கொடிகட்டிப் பறந்த நாலு பேரின் முகத்தை டீ-ஷர்ட்டில் போடச் சொல்லியிருந்தார்கள். ஒரு காமெடி நடிகர், ஒரு மிமிக்ரிக்காரர், டி.வி.யில் நிகழ்ச்சி நடத்தும் ஒருவர், அப்புறம் பாடகி இமெல்டா. ஆளுக்கு ஐந்நூறு பீஸ்.

இமெல்டா என்று கேட்டதுமே, சாம்பிளை நானே பிரிண்ட் போடுகிறேன் என்று முந்திக்கொண்டவன் பிரபாகர். அவன் அம்மா மங்கலத்தில் தறி ஓட்டியவள். தறிச் சத்தத்தையும் மீறி இமெல்டாவின் பாட்டைத்தான் பாடிக்கொண்டிருப்பாள். இமெல்டாவின் குரல் தெரிந்த அளவுக்கு முகம் அவளுக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது.

போன ஆடியில் அம்மா போய்ச் சேர்ந்த பிறகு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பாட்டுகளைப் போனில் போட்டுவிடுவான். செக்கிங் மேஜையே தலையாட்டும். அனுசுயா மட்டும் தூக்குப்போசியை மூடிவிட்டு எழுந்து வெளியே போய்விடுவாள். பாட்டுப் பிடிக்காத ஜென்மம் என்று நினைத்துக்கொள்வான்.

"என்னங்க தப்பு? சாம்பிளோட வெச்சுப் பாருங்க. அச்சு அசல் அதேதானுங்களே?"

"சாம்பிளே தப்பு, சார். படத்தோட பிலிமைக் கவுத்துப் போட்டுட்டிய. இவளுக்கு மச்சம் இடது கன்னத்துல. இதுல வலது கன்னத்துல கெடக்கு."

"பிலிமைக் கவுத்திருந்தா பேரும் திரும்பியில்லீங்க்கா இருக்கோணும்?"

"பேருக்கு வேற ஸ்கிரீன். அதை நேராப் போட்டுட்டிய."

பிரபாகருக்குச் சுருக்கென்றது. அவன் கைப்படப் போட்ட சாம்பிள் அது. பல்கலைக்கழகத்துக்கே போய், அங்கே ஒரு ஃபாதர் பார்த்துக் கையெழுத்துப் போட்டு, அப்ரூவ் ஆகித் திரும்பி வந்தது. அப்ரூவ் ஆன சாம்பிளோடு ஒத்துப்போகிற பீஸைத் தள்ள எந்தச் செக்கருக்கும் அதிகாரம் கிடையாது. நாலு மணிக்கு வண்டி வேறு வந்துவிடும்.

"ஃபாதரே ஓகே பண்ணிட்டாருங்க்கா. அவிங்ககிட்டப் படிச்ச புள்ளைய அவிங்களுக்குத் தெரியாதுங்களா?"

"தெரியலையே, சார்."

"இந்த மூட்டைய மொதலாளி பாத்தாருன்னா, நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம்னு சொல்லிப்போடுவாருங்க."

"சொல்லட்டும்."

ஐம்பது தாண்டிய பொம்பளையிடம் இதற்கு மேல் எப்படிக் கத்துவது? பிரபாகர் குரலைத் தணித்துக்கொண்டான்.

"அக்கா, நானும் அந்தம்மா பாட்டுன்னா உசிரக் குடுக்கறவனுங்க. தொண்டையில ஆபரேசன் பண்ணி, குரலு போயி, அந்தம்மா செத்தே பதினஞ்சு வருசமாச்சுன்னு யூடியூப்ல சொல்றான். படத்துக்குக் கீழயே போட்டிருக்குது பாருங்க."

இமெல்டாவின் பெயருக்குக் கீழே 'என்றும் எங்கள் நினைவில்' என்று ஒரு வரி இருந்தது. மற்ற மூன்று பேருக்கும் அந்த வரி இல்லை.

அனுசுயா அந்த வரியை விரலால் தடவிப் பார்த்தாள். முப்பத்தொரு பீஸில் ஒன்றில்கூட அந்த வரிக்கு அவள் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கவில்லை.

"செத்தவ மொகத்தையாவது நேராப் போடுங்க, சார்" என்றாள். கண் கலங்கியிருந்தது.

பிரபாகருக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. ஆனால் வாசலில் வண்டியின் ஹாரன் கேட்டது. ரிஜெக்ட் மூட்டையைத் தன் பக்கம் இழுத்து, ஸ்டிக்கர்களை ஒவ்வொன்றாக உரிக்க ஆரம்பித்தான்.

"போச்சாது, உடுங்க்கா. செத்தவிங்க எந்திரிச்சு வந்து, எம் மச்சம் எடம் மாறிப்போச்சுன்னு கேக்கவா போறாங்க?"

அனுசுயா காதுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய், மாஸ்க்கைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

இடது கன்னத்தில், மிளகு அளவுக்கு ஒரு மச்சம். உரித்த ஸ்டிக்கர் பிரபாகரின் விரலிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது.

"கண்ணாடியில பாத்தாத்தான், சார், எனக்கு மச்சம் வலது கன்னத்துல இருக்கும்."