பழைய கயிறு

பண்ணையில் மாடு வளர்ப்புப் பயிற்சி முடிந்ததும் துளசிமணிக்கு அங்கிருந்த கறிமாட்டு மந்தையே சொந்தமாகக் கிடைத்துவிட்டது. அவள் புருஷன் நாச்சிமுத்துவுக்கு அதில்தான் சந்தேகம். புதுக்கயிறுகளோடு பண்ணைக்கு வந்திருந்தான். மாட்டைக் கைமாற்றுகிறவர் பழைய கயிற்றை அவிழ்த்துக்கொள்வதுதானே வழக்கம்?

“இந்தக் கழுத்துப்பட்டைகளக் கழட்டிக்குங்க சார்,” என்றான்.

“அதைக் கழட்ட முடியாதுங்க. பண்ணை எல்லையத் தாண்டாம மாட்டை அதுதான் நிறுத்தும்,” என்றார் பயிற்சியாளர்.

“அப்ப மாடு ஆரோடது?”

“உங்க சம்சாரத்தோடதுதாங்க.”

“கேட்டுக்கிட்டீங்கல்ல? வாங்க மாமா,” என்று துளசிமணி சிரித்தபடி மந்தையை ஓட்டினாள்.

பண்ணை வாசலை நெருங்கியதும் பட்டைகள் கிர்ரென்றன. மாடுகள் நின்றன. அவளும் நின்றாள்.

“என்ன புள்ள, வா.”

“காலு வரமாட்டீங்குதுங்க மாமா...”

பயிற்சியின் முதல் நாளில் மாட்டிவிட்ட வளையம் அவள் கையிலும் கிர்ரென்று ஒலித்துக்கொண்டிருந்தது. நாச்சிமுத்து அதைப் பிடித்து இழுத்தான்.

“அதையும் கழட்ட முடியாதுங்க,” என்றார் பயிற்சியாளர்.