இருநூறு மில்லிமீட்டர்

போன வருடப் புயலை எங்கள் வானிலை மையக் கணினியில் மறுபடி ஓட்டிப் பார்த்தபோது, ஒரு கடலோர ஊரில் அது நானூறு மில்லிமீட்டர் மழையைக் கொட்டியது. ஊரிலிருந்த மழைமானியின் பதிவேட்டில் இருநூறு என்றுதான் இருந்தது. கருவி பொய் சொல்லாது, என் கணினி மேகங்கள்தான் அளவுமீறிப் பொழிகின்றன என்று முடிவுகட்டி, அவற்றின் மழையைப் பாதியாகக் குறைத்தேன். அந்தக் கணக்கை நம்பித்தான், இன்று வரும் புயலுக்கு அந்த ஊரைக் காலிசெய்ய வேண்டாம் என்று காலையில் கலெக்டர் ஆபீசுக்கு எழுதிக்கொடுத்தேன். ஜனங்களை ஏற்ற வந்திருந்த பஸ்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது அந்த இருநூறு உறுத்தியது. மழை எதற்கு அப்படி ஒரு முழு எண்ணில் வந்து நிற்க வேண்டும்? மழைமானியைப் பார்த்துக்கொள்ளும் சவரிமுத்துவைப் போனில் பிடித்து, போன வருடம் எப்படிச் சரியாக இருநூறு வந்தது என்று கேட்டேன்.

“அந்தக் குடுவை அவ்வளவுதான் கொள்ளும் மேடம். அதுக்கு மேல வழிஞ்சு போச்சு. வழிஞ்சதை நான் எப்படி எழுதறது?”

“இப்ப எவ்வளவு இருக்கு?”

கதவைத் திறந்துகொண்டு அவர் வெளியே போவது கேட்டது. திரும்பி வர நேரமாயிற்று.

“நிறைஞ்சு வழியுது மேடம். ஆனா புயல் இன்னும் வரவே இல்லையே?”