அப்பாவு கண்ட கலைக்கூடம்

"புகைக் கொட்டகைதான்! வேற எடம்னா ஆள விடுங்க லா!"

அப்பாவு மேசையில் குத்திய குத்தில் காப்பிக் கோப்பைகள் துள்ளின. செமோர் ஊர்க் காப்பிக்கடையில் அவருக்கு எதிரே மூன்று பேர். உறுமி மேளக்காரன் சன்னாசி, சிங்க நடனம் ஆடும் ஆ லியோங், கொம்பாங் மேளம் கொட்டும் பாக் டின். மூவருக்கும் பொதுவாய் ஒரு கலைக்கூடம் அமைத்தே தீருவது என்று ஆறு மாதமாய் நாயாய் அலைகிறார் அப்பாவு.

"அண்ணே, அது மூடிப்போன ரப்பர் தோட்டம். ரெண்டு மைலு செம்மண் ரோடு. பாம்பு வேற கெடக்கு," என்றான் சன்னாசி.

"ஜாவோ லா!" தூரம் என்று ஆ லியோங்கும் முகத்தைச் சுளித்தான்.

"நம்ம கம்பத்து ஊருக்குள்ளயே பொது மண்டபம் சும்மாதானே கெடக்குண்ணே?" என்றான் சன்னாசி.

"மண்டபமா? அங்க கல்யாணமும் கருமாதியும் நடக்கும், கலை வளருமா? கொட்டகையப் பாரு. ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட்ட எடம். செவரு ஒரு மொழம் தடிப்பு. ஒரு ஜன்னல் கெடையாது!"

"ஜன்னல் இல்லாட்டி வேர்க்காதா?"

"வேர்க்கட்டுமே! வேர்க்காம வந்த கலை எதுடா?"

மூவரும் கொட்டகைக்கே தலையாட்டினார்கள்.

அப்பாவு தோட்டத்துத் துரையின் காலில் விழாத குறையாய் அனுமதி வாங்கினார். தானே ஏணி ஏறிக் கூரைக்குத் தகரம் அடித்தார். கதவிடுக்கில் சாக்கு அடைத்தார். ஊரே மூக்கில் விரல் வைத்தது.

முதல் ஒத்திகையில் உறுமி உறும, சிங்கத்துக்குள் இருந்த ஆ லியோங்குக்கு அருள் வந்துவிட்டது. பாக் டின் வாலைப் பிடித்து இழுக்க, சன்னாசி சிங்கத்தின் நெற்றியில் திருநீறு பூசிய பிறகுதான் அது அடங்கியது. அப்பாவு அசரவில்லை.

"யாரு மொதல்ல அடிக்கிறதுண்ணே?"

"எல்லாரும் ஒண்ணா அடிங்க! மத்தியானத்துல கதவைச் சாத்திக்கிட்டு அடிங்க. ஆனா வீட்டுல ஒரு தட்டு தட்டினாலும் அது கலைக்குத் துரோகம், சொல்லிட்டேன்!"

திறப்பு விழாவில் அப்பாவு கழுத்தில் சன்னாசி மாலை போட்டான். "உங்களுக்கு ஒரு தாளம்கூடத் தெரியாது. எங்களுக்காக இவ்வளவு பாடுபட்டீங்களே! இதுக்கு என்னண்ணே கைம்மாறு செய்வோம்?"

"தெனமும் இங்க வந்து அடிங்கடா. அது போதும்," என்றார் அப்பாவு. அவர் கண்கள் செக்கச் சிவந்திருந்தன. என்ன கலைப்பற்று என்று கூட்டம் உருகிப்போனது.

மறுநாள் மத்தியானம். அப்பாவு வீட்டுக்கு இடப்பக்கம் சன்னாசி வீடு, வலப்பக்கம் ஆ லியோங் வீடு, பின்னால் பாக் டின் வீடு. மூன்றும் சத்தமில்லாமல் கிடந்தன. ஈயச் சுரங்கத்தில் ராத்திரி வேலை பார்க்கும் அப்பாவு, இரண்டு வருஷத்துக்குப் பிறகு பகலில் தூங்கப்போகும் ஆனந்தத்தில் பாயில் சாய்ந்து கண்ணை மூடினார்.

டம்! டம்! டமார்!

பதறி எழுந்தார். ஜன்னல் வழியே சிங்கத் தலை ஒன்று எட்டிப் பார்த்தது. அதன் பக்கத்தில் உறுமியும் கையுமாய்ச் சன்னாசி.

"கூடம் கண்ட மகராசனுக்கு மொத மரியாதைண்ணே! இனிமே தெனமும் மூணு கோஷ்டியும் உங்க வாசல்ல ஒரு மணி நேரம் அடிச்சிட்டுத்தான் கொட்டகைக்கே போவோம்!"