உபரி

கையை முழங்கை வரைக்கும் குப்பைத் தொட்டிக்குள் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான் அந்த ஆள். ஸ்தான்காவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

"யோவ்! என்னய்யா பண்றே? வேற வாசலே கிடைக்கலையா உனக்கு?"

அவள் கத்தியதற்குக் காரணம் இருந்தது. ஏழைகளுக்குச் சர்க்கார் தருகிற குளிர்காலத்து விறகுப் பணம் யார் யாருக்கு என்று முடிவு செய்ய, இன்றைக்கு ஆபீஸிலிருந்து ஆள் வரப்போகிறது. போன வருஷம் வந்தவன், மூலையில் கிடந்த பழைய டி.வி.யைப் பார்த்துவிட்டு அவள் பெயரை அடித்துவிட்டான். டான்யூப் ஆற்றுக் காற்றில் விறகில்லாமல் கிடந்து, புருஷன் மிலாதினுக்கு நெஞ்சில் சளி கட்டி, பிழைத்ததே பெரும்பாடு. இன்னொரு குளிர் அப்படிப் போனால் அவன் தாங்க மாட்டான்.

டி.வி.யை எப்போதோ விற்றாயிற்று. இந்த வருஷம் கணக்கெடுக்கிற முறையையே மாற்றிவிட்டதாக அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். என்ன முறையோ, எவன் கண்டான்! அதிகாரி வருகிற நேரத்தில் வாசலில் இந்தக் கருமமா?

"கோவிச்சுக்காதீங்கம்மா," என்றான் அந்த ஆள், தலையைத் தூக்காமலே. "உங்க தொட்டியில ஒண்ணுமே இல்லையே. ஒரு உருளைக்கிழங்குத் தோலக்கூடக் காணோம்."

"உரிச்சாத்தானே தோல் இருக்கும்! நாங்க அதோடயே திங்கறவங்க. எலும்பு வேணும்னா எதிர் வீட்டுல போய்ப் பாரு."

எதிர் வீடு க்ரூமோவுடையது. இரண்டு கார், கொல்லை நிறையக் கோழி. வெட்கங்கெட்டவன், அவனும் விறகுப் பணத்துக்கு மனுப் போட்டிருந்தான். எச்சில் கையால் காக்காய் ஓட்டாத ஆள். இன்று விடிந்ததும் விடியாததுமாகத் தன் வீட்டுக் குப்பை மூட்டைகளைக் காரில் ஏற்றிக்கொண்டுபோய் எங்கேயோ கொட்டிவிட்டு வந்தான். குப்பையைக்கூட அடுத்தவனுக்கு விட மனசில்லை பார் என்று ஸ்தான்கா அப்போதே காறித் துப்பினாள்.

அந்த ஆள் எதிர் வாசலுக்குப் போனான். தொட்டியைத் திறந்து பார்த்தான். துடைத்து வைத்தது போலக் காலி. நிமிர்ந்து, "ஐயா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று கேட்டான்.

மாடி ஜன்னல் படாரென்று திறந்தது. "போடா நாயே! நாங்களே ரொட்டிக்கு வழியில்லாம கிடக்கோம்!" ஜன்னல் சாத்திக்கொண்டது. உள்ளே வறுத்த கோழியின் வாசனை தெருவரைக்கும் வந்தது.

"தூ! இவனெல்லாம் ஒரு மனுஷனா?" ஸ்தான்காவுக்கு உடம்பெல்லாம் கூசியது.

உள்ளே கட்டிலிலிருந்து மிலாதின் இருமிக்கொண்டே கேட்டான். "யாருடி அது?"

"யாரோ பாவம். இந்த வயசுல குப்பையில கையை விட்டுப் பொழைக்கறான். நல்லா இருக்கு நம்ம பல்கேரியா!"

"இருக்கறதை அவனுக்குக் குடு. எனக்கு வாயெல்லாம் கசக்குது."

அரை ரொட்டி இருந்தது. அது நாளை வரைக்கும் வரவேண்டியது. இரண்டு விரல் அகலத்துக்கு வெண்ணிறப் பாலாடைக்கட்டி, மிலாதின் மாத்திரை போட்டுக்கொள்ள வைத்திருந்தது. கொஞ்சம் தயங்கினாள். அப்புறம் ரொட்டியில் பாதியை வெட்டி, பாலாடைக்கட்டியை வைத்து, ஜாடியின் அடியில் ஒட்டியிருந்த குடைமிளகாய்த் தொக்கை வழித்துத் தடவினாள். கொடுப்பதைக் கையை இறுக்கிக் கொடுத்தால் க்ரூமோவுக்கும் அவளுக்கும் என்ன வித்தியாசம்?

"முதல்ல குழாய்ல கையைக் கழுவு. பார்க்கவே வயித்தைப் பிரட்டுது."

அவன் கையுறையைக் கழற்றினான். மஞ்சள் கையுறை, கடையில் நேற்று வாங்கியது போல இருந்தது. கையைக் கழுவிக்கொண்டு படியில் உட்கார்ந்து, சப்புக்கொட்டி, விரலை நக்கி நக்கித் தின்றான்.

"அருமையா இருக்கும்மா. இன்னும் கொஞ்சம் இருக்குமா?"

மிச்ச ரொட்டியும் போயிற்று. ராத்திரிக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

தின்று முடித்தவன் கைக்குட்டையால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டான். சட்டை உள்பையிலிருந்து முத்திரை குத்திய தாள் ஒன்றை எடுத்து விரித்தான்.

"பதினேழாம் நம்பர் வீடு, இதானேம்மா?"

ஸ்தான்கா முத்திரையை எட்டிப் பார்த்தாள். "நீ... நீங்கதானா அந்த..."

"நானேதான். இந்த வருஷம் நாங்க வீட்டுக்குள்ள வரதில்ல. எல்லாரும் சாமானை ஒளிச்சு வெச்சுடறாங்க. குப்பை பொய் சொல்லாது பாருங்க."

"அப்ப எங்க தொட்டியைப் பார்த்தீங்கல்ல! அதுல ஒண்ணுமே இல்லேன்னு நீங்களே சொன்னீங்கல்ல!"

"சொன்னேன். குப்பையில இந்தத் தெருவுக்கே நீங்கதான் முதல் ஆள்." பென்சிலை எச்சில் தொட்டு எழுதினான். "ஆனா கண்ணால பார்த்ததை எழுதாம விட முடியாதும்மா. ரொட்டி, பாலாடைக்கட்டி, தொக்கு. தானம் பண்ற அளவுக்கு உபரி இருக்கே!"

"ஐயா, அது கடைசி ரொட்டி! உங்களைப் பார்த்துப் பாவப்பட்டு..."

உள்ளே மிலாதின் இருமத் தொடங்கினான். நிற்கவேயில்லை. தாளில் ஸ்தான்காவின் பெயர் மேல் ஒரு கோடு விழுந்தது.

மீசையில் ஒட்டியிருந்த பாலாடைக்கட்டியை நாக்கால் வழித்துக்கொண்டே, அதிகாரி பென்சிலால் எதிர் மாடி ஜன்னலைக் காட்டினான்.

"அங்க பாருங்க. தொட்டியில குப்பையும் இல்ல, குடுக்கத் தண்ணியும் இல்ல. அதுதாம்மா ஏழை வீடு."