உள்ளே விடும் கதவு

சைக்கிள் தடத்தின் இடுப்பளவுச் சுவருக்கு மேலாகக் கணவன் தணிகைவேலிடம் டிபன் கேரியரை நீட்டினாள் பூங்கோதை. அவள் பின்னாலேயே மகள் மூன்று சக்கர வண்டியை மிதித்து வந்திருந்தாள்.

தடத்தின் உள்ளே விடும் கதவு எந்நேரமும் திறக்கும். வெளியே விடும் கதவு, சாலையில் ஆபத்தில்லை என்றால்தான் திறக்கும். அவன் உள்ளே போய் இன்றோடு பதினோரு நாள்; அது ஒருமுறைகூடத் திறக்கவில்லை. சுவரைத் தாண்ட ஒரு நொடி போதும். ஆனால் நாளுக்கு நாள் உள்ளே கூட்டம்தான் கூடியது, ஒருவரும் தாண்டவில்லை.

“எகிறிக் குதிங்களேன். பாப்பா உங்களைக் கேட்டு அழுறா.”

“அங்கேயா?” லாரிகளைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது. “இங்க ஹார்ன் சத்தமே இல்ல, கோதை. நீங்களும் வந்துடுங்க.”

மகளைத் தூக்கிக் காட்டத் திரும்பினாள். யாருமில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம், மூன்று சக்கர வண்டியின் மணி கிணிகிணியென்று ஒலித்துக்கொண்டே தூரம் போனது.