துருக்கிக் கம்பளம்

“செருப்ப வாசல்லயே கழட்டுங்க தம்பி. ஹாஜியார் துருக்கியிலிருந்து கொண்டுவந்த கம்பளம் இது. இப்படியொண்டு உங்கட கையில பட்டிருக்காது.”

பள்ளிவாசல் தலைவரான ஹாஜியாரின் மனைவி ஜெஸீமாவின் மூக்கு எப்போதும் ஒரு சாண் உயரத்தில்தான் இருக்கும். கம்பளம் கழுவ வந்த ரிஸ்கான் செருப்பைக் கழற்றினான்.

“கழுவினா சாயம் போகுமா?”

“போகாது ராத்தா.”

“சுருங்குமா?”

“சுருங்காது. நிழல்ல போட்டா ரெண்டு நாளையில காஞ்சிரும்.”

“தொட்டும் பார்க்கல்ல, எல்லாம் தெரிஞ்ச மாதிரிக் கதைக்கிறீங்க! வருசத்துக்கு எத்தின தரம் கழுவணும்?”

“உங்கட வீட்டுல ஒருக்காக் காணும். முந்தி இருந்த இடத்துல அஞ்சு நேரமும் சனம். அங்கயும் நோன்புக்கு முன்னுக்கு நான்தான் கழுவினேன்.”

“எங்க, துருக்கியிலயா?” ஜெஸீமா சிரித்தாள்.

ரிஸ்கான் கம்பளத்தின் மூலையைப் புரட்டிக் காட்டினான். அடியில் கறுப்பு மையில் எழுதியிருந்தது: ‘மர்ஹூம் உதுமாலெவ்வை நினைவாகப் பள்ளிவாசலுக்கு வக்பு.’

“எங்கட வாப்பாட பேரு. அவர் மௌத்தானாப் பிறகு பள்ளிக்கெண்டு நாங்க தர்மமாக் குடுத்தது. எழுதினது நான். போன வருசம் இது காணாமப் போன நேரம், கழுவக் கொண்டுபோன நான்தான் களவெடுத்தேன் எண்டு ஹாஜியார் பள்ளியில எல்லாருக்கும் முன்னால சொன்னார்.”

ஜெஸீமாவின் சிரிப்பு நின்றது.

“இப்ப சொல்லுங்க ராத்தா, கழுவி எங்க கொண்டுபோய் விரிக்க?”