ஒட்டாத பிடில்

"இன்னும் ஒட்டலியா? ஒரு பிடிலை ஒட்டுற நேரத்துல ஒரு கப்பலையே கட்டி முடிச்சிருக்கலாம்டா!"

கோயில் பாடகர் குழுத் தலைவர் பாஸ்கல் போட்ட கூச்சலில், ராயபுரத்தில் இக்னேஷியஸின் பட்டறையில் தொங்கிய வீணை, மாண்டலின், கிதார் எல்லாம் தாமாகவே ஒருமுறை முனகி ஓய்ந்தன.

"இன்னா பண்ணச் சொல்றே மாமு? கடல் காத்து ஈரமா கீது. வஜ்ரப் பசை காய வேணாமா?" என்றார் இக்னேஷியஸ்.

"போன வாரம் பசைய எலி தின்னுடுச்சின்னே?"

"தின்னுச்சே! வாயி ஒட்டிக்கினு பரண்மேல கம்முனு குந்திகினு கீது. ஏறி வேணும்னா பாரு."

பின்னால் நின்ற வேதமாணிக்கம் சிரிக்கவில்லை. இரும்பு மொத்த வியாபாரி, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அறுபத்தொன்பதாம் வருஷத்துத் திருநாள் செலவு முழுக்க அவருடையது.

"வெளயாடுதீரா வே? சாயங்காலம் கொடியேத்தம். எம் மச்சினன் பிடில் வாசிக்கணும்னு காலையிலேயே கோட்டு மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கான்!"

அந்தக் கோயிலில் ஒரு வழக்கம். கொடியேற்றத்தன்று கோயில் பிடிலை யார் வாசிக்கிறாரோ, வருஷம் முழுக்க பிடில்காரர் நாற்காலி அவருக்குத்தான். யாருமே வாசிக்காவிட்டால் பழைய ஆளே தொடரலாம்.

பழைய ஆள் சவரிநாதன். துறைமுகத்தில் சரக்கு இறக்கும்போது சங்கிலியில் இடது கை சிக்கி, விரல்களில் பெரிய கட்டு. வேலைக்கும் போக முடியாமல் கிடந்த மனுஷனுக்கு மிச்சமிருந்தது அந்த நாற்காலி ஒன்றுதான்.

"சவரிநாதன் கட்டு அவுக்கவே ஒரு மாசம் ஆவுமாம். பொறவு விரலு மடங்குமோ என்னமோ. அதுவரைக்கும் நாற்காலிக்கா செபம் சொல்லிக்கிட்டு இருக்கது?" என்றார் வேதமாணிக்கம்.

"கரீட்டா சொன்னீங்க மொதலாளி!" பாஸ்கல் பலமாகத் தலையாட்டினார்.

உள்மேசையில் பிடில் போர்வைக்குள் கிடந்தது. வேதமாணிக்கம் கையை நீட்டினார்.

இக்னேஷியஸ் பாய்ந்து குறுக்கே நின்றார். "தொடாதீங்க மொதலாளி! எண்ணூர்க்காரர் ஒருத்தர் இப்டித்தான் ஈரப் பசையில கைய வெச்சாரு. பிடிலு உள்ளங்கையோட ஒட்டிக்கிச்சு. அத்தோடதான் போயித் தாலி கட்டினாரு. கல்யாண போட்டோவுல ஒரு பக்கம் பொண்ணு, இன்னொரு பக்கம் பிடிலு!"

வேதமாணிக்கம் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். முகம் சிவந்துவிட்டது.

"அஞ்சு மணிக்கு நானே வருவேன். போர்வைய அவுத்துப் பாப்பேன். ஒட்டியிருந்தா எம் மச்சினன் வாசிப்பான். ஒட்டலேன்னா, இனிமே கோயில் வேல ஒரு ஆணிகூட உமக்குக் கெடையாது. பாத்துக்கிடும்!"

"நீங்க நடங்க மொதலாளி. இவன நாலு கேள்வி கேட்டுட்டு வரேன்," என்றார் பாஸ்கல்.

செருப்புச் சத்தம் படியிறங்கித் தெருவுக்குப் போனது. பாஸ்கல் கதவைச் சாத்திவிட்டு, ஒரே இழுப்பில் போர்வையை உருவினார்.

பிடில் பளபளத்தது. பிளந்த பலகை இருந்த இடமே தெரியவில்லை. தந்திகூட ஏற்றியாகிவிட்டது.

இக்னேஷியஸ் தலையைச் சொறிந்தார். "ஒட்டாமயே வெக்கலாம்னுதான் பாத்தேன், கை கேக்கல மாமு. வாயப் பொளந்துகினு கெடக்குறத பாத்துகினு எப்டி சும்மா குந்தறது?"

"கோயில் வேலை போயிடும்டா உனுக்கு."

"போனா போவுது. எனுக்கு ஒட்டுறதுக்கு ஊருல ஆயிரம் பிடிலு கீது. சவரிக்கு அந்த ஒரு நாற்காலிதானே?"

பாஸ்கல் பிடிலைத் தன் பக்கம் இழுத்தார். தந்திகளை மளமளவென்று தளர்த்தினார். மெல்லிய கத்தி ஒன்றைப் பசை காய்ச்சும் அடுப்பில் காட்டினார். சூடு பட்டால் வஜ்ரப் பசை இளகிவிடும்.

"கோயில் வேலைன்னா உனுக்கு அவ்ளோ எளக்காரமாடா? நீயெல்லாம் உருப்படுவியா?" என்று தெருமுனை வரைக்கும் கேட்கும்படி கத்திக்கொண்டே, சுடச்சுட அந்தக் கத்தியை இடுக்கில் நுழைத்து, ஒட்டியிருந்த பிடிலைத் தன் கையாலேயே பிரிக்க ஆரம்பித்தார்.